மண்ணில் இருப்பது வேறு, செடிக்குக் கிடைப்பது வேறு: லீபிக்கின் வாழ்க்கை தரும் பாடம்

காராமணிச் செடி மஞ்சளடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் யூரியா மூட்டையைத்தான் பிரிப்பீர்கள். வேளாண்மை படித்த நானும் ஒருமுறை அதைத்தான் சொன்னேன். விரிஞ்சிபுரத்துக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே பாலாற்றை ஒட்டிய ஓர் ஊர். பணியில் சேர்ந்த புதிது. ஒரு விவசாயி தன் அரை ஏக்கர் காராமணியைக் காட்டினார். இலைகள் வெளுத்துக் கிடந்தன. தழைச்சத்துக் குறைவு என்று நினைத்து, யூரியா இடச் சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் பச்சை திரும்பியது. அதன் பிறகு வந்த கொழுந்துகள் மறுபடியும் வெளுத்தன. பூ உதிர்ந்தது. காய் பிடிக்கவில்லை.

பிறகு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் வேரில் முடிச்சுகளே இல்லை என்று தெரிந்தது. மண்ணைச் சோதித்தோம். கார அமில நிலை எட்டைத் தாண்டியிருந்தது. அவர் ஆண்டுதோறும் டிஏபி போட்டு வந்ததால் மணிச்சத்து மிதமிஞ்சிக் கிடந்தது. துத்தநாகம் செடிக்கு எட்டும் நிலையில் இல்லை. கிணற்று நீரில் உப்பு. தப்பு அவருடையது அல்ல, என்னுடையது. மண்ணைக் கேட்காமல் இலையை மட்டும் பார்த்து மருந்து சொல்லிவிட்டேன்.

இதே போன்ற ஒரு தப்பை, உர விஞ்ஞானத்தின் தந்தை என்று உலகம் கொண்டாடும் ஒருவரும் செய்திருக்கிறார். ஜஸ்டஸ் வான் லீபிக் என்பது அவர் பெயர். நீங்கள் இன்று வாங்கும் உர மூட்டையில் தழை, மணி, சாம்பல் என்று மூன்று எண்கள் அச்சிட்டிருக்கிறதே, அந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர். அவர் வென்ற கதை பாடப் புத்தகங்களில் இருக்கிறது. அவர் தோற்ற கதைதான் நம் ஆற்றங்கரை வயல்களுக்கு அதிகம் பயன்படும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பள்ளியில் தேறாத பையன்

லீபிக் 1803-ம் ஆண்டு மே 12 அன்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். தந்தை சாயப் பொருட்கள், வார்னிஷ் போன்றவற்றை விற்கும் கடைக்காரர். கடைக்குப் பின்னால் சிறிய பட்டறை ஒன்று இருந்தது. வண்ணக் கலவைகளை அங்கேயே காய்ச்சுவார்கள். சிறுவன் லீபிக்குக்கு அந்தப் பட்டறைதான் பள்ளிக்கூடம். உண்மையான பள்ளியில் மனப்பாடம் வராது. பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டபோது ரசாயனம் படிப்பேன் என்று சொல்ல, வகுப்பே சிரித்ததாம். ரசாயனம் ஒரு பிழைப்பு என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகையும் தூசும் வானத்தை மறைத்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே சரியாக வரவில்லை. பயிர் விளையவில்லை. ரொட்டி விலை ஏறி ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். லீபிக்குக்கு அப்போது வயது 13. விளைச்சல் பொய்த்தால் ஒரு நாடு என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்ட தலைமுறை அது.

பள்ளியை முடிக்காமலே ஹெப்பன்ஹைம் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே வெடிக்கும் உப்புகளைச் செய்து பார்த்து, மாடி அறையைச் சேதப்படுத்தி விரட்டப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. தந்தையால் பயிற்சிக் கட்டணம் கட்ட முடியாததே காரணம் என்பாரும் உண்டு. எப்படியோ, சில மாதங்களில் வீடு திரும்பினார்.

21 வயதில் பேராசிரியர்

1820-ல் பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஆசிரியரைப் பின்தொடர்ந்து எர்லாங்கனுக்குப் போனார். பிறகு ஹெஸ்ஸ நாட்டு அரசரின் உதவித்தொகையில் பாரிஸ் சென்றார். அந்தக் காலத்தில் ரசாயனத்தின் தலைநகரம் பாரிஸ்தான். அங்கே கே-லூசாக் என்ற பெரிய விஞ்ஞானியின் ஆய்வுக் கூடத்தில் இடம் கிடைத்தது. எடை போடாமல், அளக்காமல் எதையும் நம்பக் கூடாது என்ற பழக்கம் அங்கேதான் ஊறியது. உலகம் சுற்றிய அறிஞர் ஹம்போல்ட் இந்த இளைஞனைக் கவனித்துப் பரிந்துரைக்க, 1824-ல் கீசன் என்ற சிற்றூரில் பேராசிரியர் ஆனார். வயது 21.

கீசனில் அவருக்குக் கிடைத்த ஆய்வுக் கூடம், கைவிடப்பட்ட ராணுவக் குடியிருப்பின் காவல் கட்டடம். அங்கே அவர் செய்த புதுமை, மாணவர்களைக் கையால் வேலை செய்ய வைத்தது. அதுவரை பேராசிரியர் செய்து காட்டுவார், மாணவர்கள் பார்ப்பார்கள். இங்கே மாணவனே எரிக்க வேண்டும், எடை போட வேண்டும், கணக்கு எழுத வேண்டும். இன்று மண் பரிசோதனை நிலையத்தில் ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியாக அளந்து அட்டை எழுதுகிறார்களே, அந்தப் பழக்கத்தின் வேர் இப்படிப்பட்ட ஆய்வுக் கூடங்களில் இருக்கிறது. பல நாடுகளிலிருந்து மாணவர்கள் கீசனுக்கு வந்து குவிந்தார்கள்.

சாம்பலில் கண்ட உண்மை

செடி எதைத் தின்று வளர்கிறது? அந்தக் காலத்து அறிஞர் பலர், மக்கிய குப்பையைத்தான் செடி நேரடியாக உறிஞ்சுகிறது என்று நம்பினார்கள். 1840-ல் லீபிக் வெளியிட்ட வேளாண் ரசாயன நூல் இதை மறுத்தது. செடியின் உடலில் உள்ள கரி காற்றிலிருந்து வருகிறது, மண்ணிலிருந்து வருவது தாது உப்புகள் என்றார். இதற்குச் சாட்சியாக அவர் காட்டியது சாம்பல். செடியை எரித்தால் காற்றிலிருந்து வந்தது காற்றோடு போய்விடும், மண்ணிலிருந்து வந்த தாதுக்கள் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலில் பொட்டாஷ், சுண்ணாம்பு, பாஸ்பேட் எல்லாம் இருந்தன. பொட்டாசியத்தை நாம் இன்றும் சாம்பல் சத்து என்றுதானே சொல்கிறோம்?

அதோடு அவர் பரப்பிய இன்னொரு கருத்துதான் குறைமட்ட விதி. பயிரின் வளர்ச்சியை முடிவு செய்வது மிகுதியாக இருக்கும் சத்து அல்ல, தேவையோடு ஒப்பிட்டால் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அந்தச் சத்துதான் என்பது இந்த விதி. உங்களுக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதைக் கரையின் உயர்ந்த இடம் முடிவு செய்வதில்லை. கரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ, அந்த மட்டம் வரைதான் தண்ணீர். மற்ற இடங்களில் இன்னும் பத்து வண்டி மண் கொட்டினாலும் பயனில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த விதியை லீபிக்குக்கு முன்பே, 1820-களில், கார்ல் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானிய வேளாண் அறிஞர் எழுதியிருந்தார். ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது லீபிக். இன்று பலர் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

பயறுச் செடிக்குள் என்ன நடக்கிறது?

இந்த விதியை லீபிக் சொன்னபோது, செடிக்குள் எந்தச் சத்து என்ன வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். காராமணி, உளுந்து, பச்சைப் பயறு, அவரை, பீன்ஸ் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

பயறுச் செடியின் வேர் முடிச்சு ஒரு தொழிற்கூடம். அதற்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து, காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாகக் கொடுக்கிறது. பதிலுக்கு இலை தயாரிக்கும் சர்க்கரையைச் செடி கீழே அனுப்புகிறது. இது ஒரு பண்டமாற்று. ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்க குறைந்தது 16 ஏடிபி மூலக்கூறுகள் செலவாகின்றன. ஏடிபி என்பது உயிரணுக்களின் சக்தி நாணயம். அந்த நாணயத்தை அச்சடிக்க மணிச்சத்து வேண்டும். நைட்ரஜனைப் பிளக்கும் நொதியில் இரும்பும் மாலிப்டினமும் இருக்கின்றன. முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியுமே, அது நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு பொருள். அதற்கும் இரும்பு வேண்டும்.

இப்போது யோசியுங்கள். மணிச்சத்து குறைந்தால் முடிச்சுக்குச் சக்தி இல்லை. இரும்பு எட்டாவிட்டால் முடிச்சு வேலை செய்யாது. இலையிலிருந்து சர்க்கரை இறங்காவிட்டால் முடிச்சு பட்டினி. இவற்றில் எது நடந்தாலும் முடிவில் தழைச்சத்துதான் குறையும், செடி மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்து யூரியா போடுகிறோம். காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போலத்தான் இது. அதிலும் யூரியா அதிகமானால், காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவை இல்லை என்று செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும்.

மெக்னீசியம் குறைந்தால் நடப்பதைப் பாருங்கள். பீன்ஸ் செடிகளை வைத்து ஜெர்மனியில் நடந்து 1994-ல் வெளியான ஓர் ஆய்வு, மெக்னீசியம் இல்லாத செடியில் சர்க்கரை இலையிலேயே தேங்கிவிடுகிறது, வேருக்கு இறங்குவதில்லை என்று காட்டியது. வேர் சிறுத்துவிடுகிறது. சாம்பல் சத்து குறைந்தாலும் ஏறக்குறைய இதே நிலை. மணிச்சத்து குறைந்த செடி நேர்மாறாக, மேல் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு, இருக்கும் சர்க்கரையை வேருக்கு அனுப்பி மணிச்சத்தைத் தேடச் சொல்கிறது. அதன் இலை மஞ்சளாவதில்லை. கரும்பச்சையாகிச் சிறுத்துப்போகிறது. பச்சையாக இருக்கிறதே என்று நாமும் ஏமாந்துவிடுகிறோம்.

துத்தநாகம் குறைந்தால் வளர்ச்சி ஹார்மோன் குறையும். கணுக்கள் நெருங்கும், இலை சிறுக்கும். மணிச்சத்தை மிதமிஞ்சி இட்டால் செடியில் துத்தநாகப் பற்றாக்குறை வரும் என்பதற்குப் பயறுச் செடிகள் நல்ல சாட்சி. போரான் ஒரு செடிக்கு இன்றியமையாத சத்து என்பதை 1923-ல் இங்கிலாந்தில் கேதரின் வாரிங்டன் என்ற பெண் விஞ்ஞானி நிறுவியதும் ஓர் அவரை வகைச் செடியில்தான். போரான் குறைந்தால் மகரந்தம் சரியாக முளைக்காது, பூ உதிரும்.

எங்கே மஞ்சளாகிறது என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். அடி இலை முழுவதும் வெளுத்தால் தழைச்சத்து. அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி வெளுத்தால் மெக்னீசியம். அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்து. கொழுந்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்ற இடம் வெளுத்தால் இரும்பு. தழை, மணி, சாம்பல், மெக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். இரும்பை அப்படி எளிதில் நகர்த்த முடியாது. நான் ஏமாந்த அந்தக் காராமணி வயலில் கொழுந்துதான் வெளுத்திருந்தது. நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

லீபிக் தோற்ற உரம்

மறுபடியும் லீபிக்கிடம் வருவோம். புத்தகம் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1845-ல் இங்கிலாந்தில் தன் பெயரில் ஓர் உரத்தைக் காப்புரிமையோடு சந்தைக்குக் கொண்டுவந்தார். பயிரின் சாம்பலில் என்னென்ன தாது இருந்ததோ, அந்தக் கணக்குப்படி கலந்த உரம். ஆனால் அவருக்கு ஒரு பயம். பொட்டாஷ் தண்ணீரில் கரையும், மழை பெய்தால் அடித்துக்கொண்டு போய்விடுமே என்று. அதனால் தாதுக்களைச் சூட்டில் உருக்கி, எளிதில் கரையாத கண்ணாடிக் கட்டி போல ஆக்கிவிட்டார்.

விவசாயிகள் காசு கொடுத்து வாங்கி வயலில் போட்டார்கள். விளைச்சல் கூடவில்லை. கணக்குப்படி எல்லாச் சத்தும் மண்ணில் இருந்தது. ஆனால் கரையாத சத்தை வேர் எப்படிக் குடிக்கும்? செடி மென்று தின்னும் உயிர் அல்ல, உறிஞ்சிக் குடிக்கும் உயிர். கீசனுக்கு வெளியே ஒரு தரிசு மணல் நிலத்தை வாங்கி, லீபிக் தானே அந்த உரத்தைப் போட்டுப் பார்த்தார். அங்கும் எதிர்பார்த்த வேகத்தில் பலன் வரவில்லை.

காரணம் சில ஆண்டுகளில் தெரிந்தது. 1850-ல் இங்கிலாந்தில் தாமஸ் வே என்பவர் ஒரு குழாயில் மண்ணை நிரப்பி அதன் வழியே அம்மோனியா, பொட்டாஷ் கரைசல்களை ஊற்றிப் பார்த்தார். கீழே வந்த நீரில் அவை இல்லை. மண் பிடித்துவைத்துக்கொண்டது. அதாவது, லீபிக் பயந்தது போல மழை எல்லாவற்றையும் அடித்துச் செல்வதில்லை. களிமண் துகள்கள் சத்தைப் பிடித்துவைத்து, வேர் கேட்கும்போது கொடுக்கின்றன. மண் ஒரு வெறும் பாத்திரம் என்று நினைத்ததுதான் லீபிக்கின் பிழை.

இதில் இன்னொரு வேடிக்கை. எலும்பைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் அதன் மணிச்சத்து செடிக்கு எளிதில் கிடைக்கும் என்று 1840-ம் ஆண்டு நூலில் யோசனை சொன்னவரே லீபிக்தான். அந்த வழியில் போய் 1842-ல் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை வாங்கியவர் ஜான் பென்னட் லாஸ் என்ற ஆங்கிலேய நிலக்கிழார். அவர் வென்றார். கரைத்தவர் வென்றார், உருக்கிக் கட்டியாக்கியவர் தோற்றார்.

காற்றா, மண்ணா? ஒரு பெரிய சண்டை

லாஸ் 1843 முதல் ராதம்ஸ்டெட்டில் உள்ள தன் நிலத்தில் கில்பர்ட் என்ற ரசாயன அறிஞரோடு சேர்ந்து பரிசோதனை நடத்திவந்தார். கில்பர்ட் கீசனில் லீபிக்கிடம் படித்தவர். மாணவனுக்கும் குருவுக்கும் பல ஆண்டுகள் கடும் வாதம் நடந்தது. காற்றிலும் மழையிலும் உள்ள அம்மோனியாவே பயிருக்குப் போதும், தாது உப்புகளை மட்டும் கொடுங்கள் என்றார் லீபிக். கோதுமைக்குத் தழைச்சத்து கொடுக்காவிட்டால் விளையவில்லை என்று வயலைக் காட்டினார்கள் லாஸும் கில்பர்ட்டும். கோதுமை விஷயத்தில் அவர்கள் சொன்னதே சரி.

ஆனால் பயறுகள் மட்டும் இந்தச் சண்டையில் யார் பக்கமும் நிற்கவில்லை. தழைச்சத்து உரம் போடாமலே அவை விளைந்தன, அடுத்த பயிரையும் வளர்த்தன. காரணம் லீபிக் இருந்தவரை யாருக்கும் விளங்கவில்லை. அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, 1886-ல், ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர் பட்டாணியையும் ஓட்ஸையும் மணலில் வளர்த்துக் காட்டி விடுவித்தார். வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிரே காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது என்றார். 1888-ல் டச்சு விஞ்ஞானி பெயரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று நீங்கள் வாங்கும் ரைசோபியம் பொட்டலத்தின் பூர்வீகம் அதுதான்.

ராதம்ஸ்டெட் வயலைப் போலவே நம் கோயம்புத்தூரிலும் 1909-ல் நிலையான உரப் பரிசோதனை வயல் தொடங்கப்பட்டது. ஒரே பாத்தியில் ஒரே உரத்தை ஆண்டாண்டாக இட்டு என்ன ஆகிறது என்று பார்க்கும் வயல். லீபிக் எழுப்பிய கேள்விகள் அப்படித்தான் தமிழ்நாட்டு மண்ணிலும் கால் பதித்தன.

நம் ஆற்றங்கரையில் அதே பிழை

லீபிக்கின் உரம் கண்ணாடியாகி வேருக்கு எட்டாமல் போனது. நம் பாலாற்றங்கரை நிலங்கள் பலவற்றில் இதே கதை வேறு வடிவத்தில் நடக்கிறது.

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி இது. தோல் கெடாமல் இருக்கச் சாதாரண உப்பு மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். அந்த உப்பு கழுவப்பட்டுக் கழிவு நீரில் சேர்கிறது. பல ஆண்டுகள் அது ஆற்றிலும் நிலத்திலும் விடப்பட்டதால் நிலத்தடி நீர் கெட்டது. வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வைச் சுட்டி, தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அந்தத் தீர்ப்பு பதிவுசெய்திருக்கிறது.

உப்பு நீர் பயறுச் செடியை மூன்று வழிகளில் வாட்டுகிறது. முதலாவது, மண் ஈரமாக இருந்தாலும் வேரால் நீரை இழுக்க முடியாது. இரண்டாவது, சோடியம் மிகுந்தால் சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ளே போவது குறையும், குளோரைடு மிகுந்தால் நைட்ரேட் வடிவத் தழைச்சத்து போவது குறையும். மூன்றாவது, சோடியம் களிமண்ணைக் குழப்பி இறுகச் செய்யும். மண்ணில் காற்றோட்டம் போகும். முடிச்சு சுவாசிக்க முடியாது. ரைசோபியம் வேர்த்தூவிக்குள் நுழைவதே தடைபடும்.

கார நிலை எட்டை எட்டிவிட்டால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை மண்ணில் கரையாமல் பூட்டப்பட்டுவிடும். மண் பரிசோதனையில் மொத்த இரும்பு நிறைய இருக்கலாம். நம் செம்மண்ணின் நிறமே இரும்புதானே! இருந்தும் கொழுந்து வெளுக்கும். இருப்பது வேறு, கிடைப்பது வேறு.

எல்லாப் பயறும் உப்பை ஒரே மாதிரி தாங்காது. மண்ணை நீரால் நிறைத்துப் பிழிந்தெடுத்த சாற்றின் மின் கடத்துத் திறனை வைத்து உலகளவில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதன்படி பீன்ஸின் விளைச்சல் 1.0 டெசிசீமன்ஸிலிருந்தே குறையத் தொடங்கும். காராமணி 4.9 வரை தாங்கும். உப்புக் கிணறு வைத்திருப்பவர்கள் பீன்ஸைத் தொடாமல் காராமணியைத் தேர்வுசெய்வதே பாதி வெற்றி. ஒரு எச்சரிக்கை: நம் பரிசோதனை நிலையங்கள் பெரும்பாலும் மண்ணோடு அதிக நீர் கலந்து அளப்பதால் அட்டையில் வரும் எண் இதைவிடக் குறைவாக இருக்கும். இரண்டையும் நேரடியாக ஒப்பிடாமல், அலுவலரிடம் விளக்கம் கேளுங்கள்.

பிழையை ஒப்புக்கொண்ட பெரியவர்

1852-ல் லீபிக் மூனிக் நகருக்குப் போனார். அதற்குள் பிரபு பட்டம், உலகப் புகழ் என்று எல்லாம் தேடி வந்திருந்தன. வாதத்தில் விட்டுக்கொடுக்காத முன்கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர் அவர். ஆனாலும் 1862-ல் தன் வேளாண் நூலின் ஏழாம் பதிப்பில், உரத்தைக் கரையாமல் செய்தது தன் பிழை என்று வெளிப்படையாக எழுதினார். மண் சத்தைப் பிடித்துவைக்கும் என்ற இயற்கையின் ஏற்பாட்டை அறியாமல், அதைத் திருத்தப் போனதாக வருந்தினார்.

கடைசிக் காலத்தில் அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது ஒன்று. நிலத்திலிருந்து எதை எடுத்தீர்களோ அதைத் திருப்பிக் கொடுங்கள். நகரங்கள் கிராமத்துச் சத்தைத் தின்று கடலில் கொட்டுவது கொள்ளை என்றார். பயறு பறித்த பிறகு கொடியையும் தழையையும் எரிக்காமல் மாட்டுக்குக் கொடுத்து எருவாகவோ, நேரடியாக உழுதோ மண்ணுக்கே சேர்க்கும் நம் பெரியவர்களின் வழக்கமும் இதுதான். லீபிக் 1873 ஏப்ரல் 18 அன்று மூனிக்கில் காலமானார். எழுபதை எட்ட ஒரு மாதம்கூட மீதமில்லை. அவர் பணியாற்றிய கீசன் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் சோதியுங்கள். விரிஞ்சிபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே ஆலோசனை கேட்கலாம். கார அமில நிலை, மின் கடத்துத் திறன், துத்தநாகம், இரும்பு ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள்.

உவர் மண்ணுக்கும் களர் மண்ணுக்கும் வைத்தியம் வேறு. வெறும் உப்பு மிகுந்த உவர் மண்ணுக்கு வேண்டியது வடிகாலும் நல்ல நீரும். மழைக்காலத்தில் வரப்பை உயர்த்தி நீரைத் தேக்கி உப்பை வடித்துவிடுங்கள். சோடியம் பிடித்த களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம். அளவை மண் பரிசோதனை சொல்லும். ஜிப்சம் இட்ட பிறகும் நல்ல நீர் தேக்கி வடிக்காவிட்டால் பயனில்லை. இரண்டு மண்ணுக்கும் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது நல்லது.

விதைக்கும் முன் ஹெக்டேருக்கு 600 கிராம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள். இறவைப் பயறுக்குப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 25, மணிச்சத்து 50, சாம்பல் சத்து 25 கிலோ. மானாவாரிக்கு இதில் பாதி. மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுதி என்று அட்டை சொன்னால் பழக்கத்துக்காக டிஏபி போடாதீர்கள். துத்தநாகக் குறைவுள்ள நிலத்தில் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவுங்கள். டிஏபி, சூப்பர் பாஸ்பேட் ஆகியவற்றோடு அதைக் கலக்காதீர்கள். கலந்தால் லீபிக்கின் உரம் போலக் கரையாமல் போகும்.

கொழுந்து வெளுத்தால் அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, மாலை வேளையில் இலையில் தெளியுங்கள். பத்து, பதினைந்து நாள் கழித்து மறுபடியும் ஒருமுறை. மண் பூட்டிவைத்த சத்தை இலை வழியாகக் கொடுக்கும் வழி இது. பூக்கத் தொடங்கும்போது 2 சத டிஏபி கரைசலும், 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கலாம். முந்தைய இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்துப் பயன்படுத்துங்கள்.

விதைத்து 30, 35 நாளில் வயலின் நான்கைந்து இடங்களில் செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு அறுந்துவிடும். ஒரு முடிச்சைக் கீறிப் பாருங்கள். இளஞ்சிவப்பு என்றால் உங்கள் வயலில் உரத் தொழிற்சாலை ஓடுகிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் எங்கோ ஒரு சத்து எட்டவில்லை.

அந்தக் காராமணி விவசாயி அடுத்த பருவத்தில் டிஏபியை நிறுத்தினார். தக்கைப்பூண்டு மடக்கி உழுதார். துத்தநாகமும் இலைவழி இரும்பும் கொடுத்தார். மகசூல் ஓகோ என்று வந்தது என்று சொல்ல மாட்டேன், கிணற்று உப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆனால் காய் பிடித்தது, யூரியாவுக்கும் டிஏபிக்கும் போன பணம் மிச்சமானது. இப்போதெல்லாம் யார் மஞ்சள் இலையைக் கொண்டுவந்து காட்டினாலும், வேரையும் கொண்டுவாருங்கள் என்றுதான் சொல்கிறேன். நீங்களும் உரக்கடைக்குக் கிளம்பும் முன், மண்வெட்டியோடு ஒருமுறை வயலுக்குப் போய் வாருங்கள்.